ரெண்டு நாலு சைஸ்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். சரக்கு வந்த அட்டைப் பெட்டியின் மேல் நிறமும் அளவும் எழுதுவதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. உயிரோடு இருக்கும் ஒருத்தியைப் பற்றி எழுத உனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். அவளிடம் கேட்டு எழுதவில்லை. அதனால் பெயரை எழுதவில்லை. தப்பாக ஏதாவது வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதும்போதே கை நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த ஒரு சொல்லைத்தான் அவள் காதில் வாங்கவே மாட்டாள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்பும் இடத்தில் எங்கள் வளையல் கடை இருக்கிறது. வளையல், பொட்டு, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாம் உண்டு. வளைகாப்புக்குக் கூப்பிட்டால் பையில் வளையலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்ப் போட்டுவிட்டும் வருவேன். எனக்குக் கூச்ச சுபாவம். வருகிறவர்களின் முகத்தை அதிகம் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். கையைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். அளவை நாங்கள் ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு என்று சொல்வோம். எண் ஏற ஏற வளையல் பெரிது. அவள் கை ரெண்டு நாலு. ஆனால் பிள்ளைத்தாச்சிக்கு ஒரு அளவு கூட்டித்தான் போட வேண்டும், மாதம் ஏற ஏறக் கை வீங்கும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. எனக்கும் தெரியும்.

அவள் தாய்வீடு எங்கள் கடைக்குப் பின்தெருவில். கட்டிக் கொடுத்தது மேல்மலையனூரில். மாப்பிள்ளை வீட்டுக்குக் அம்மன் கோயில் பக்கத்தில் எலுமிச்சம்பழம், குங்குமம், தேங்காய் விற்கும் கடை. ஏழாம் மாதம் அங்கேதான் வளைகாப்பு. அவள் அம்மா என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். எங்களுக்குள் உறவு கிடையாது, தெருப் பழக்கம்தான். அந்தப் பழக்கத்தில் வந்து, "அண்ணி, நீயே வந்து போட்டுடு" என்றாள். போனேன்.

நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் மாலை போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசியிருந்தார்கள். முதலில் வேப்பிலைக் காப்பு போட்டார்கள். பிறகு என் முறை. நான் ரெண்டு ஆறு அளவை எடுத்ததும் அவள் மாமியார் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, லொடலொடன்னு இருக்குது? கழண்டு விழுந்து ஒண்ணு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? கச்சிதமா போடு."

கை வீங்கும் என்று சொல்லியிருக்கலாம். இருபது பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் எழவில்லை. ரெண்டு ஆறை உள்ளே வைத்துவிட்டு ரெண்டு நாலை எடுத்தேன். சோப்பு நுரை தடவி, கட்டைவிரலின் அடியை மடக்கி அழுத்தி ஏற்றினால் ஏறிவிடும். வலது கைக்குப் பதினொன்று, இடது கைக்குப் பத்து. மொத்தம் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஐந்தாவது வளையல் ஏறும்போது அவள் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"அத்த, ஏறச் சொல்லவே இப்பிடி வலிக்குதே, எறங்கச் சொல்ல இன்னா பண்ணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக வந்து நலங்கு வைத்தார்கள். பாதி வரிசை முடிந்திருக்கும். அவள் மாலையை ஒதுக்கிக்கொண்டு, "எனக்கு முட்டிக்கினு வருது, பாத்ரூம் போவணும்" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. பந்தலுக்கு வெளியே சாம்பார் வாளியோடு நின்ற ஆளுக்கே கேட்டிருக்கும்.

"இன்னும் ஆரத்தி எடுக்கல. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார் மாமியார்.

"நான் பொறுத்துக்கறேன் அத்த. அது பொறுக்குமா?"

மாலையோடு எழுந்து போய்விட்டாள். ஆரத்தித் தட்டோடு இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். திரும்பி வந்து உட்கார்ந்து, "ம், இப்ப எடுங்க" என்றாள். அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள் மேல் எரிச்சலாக இருந்தது. ஒரு பெண், அதுவும் அத்தனை பேர் நடுவில், இப்படியா என்று நினைத்தேன். அன்றைக்கே அவளை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

அவள் குணமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. உடம்பில் எது நடந்தாலும் வெளியே சொல்லிவிடுவாள். எங்கே இருக்கிறோம், யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டாள். பஸ் டிக்கெட் விலை கேட்பது மாதிரி சாதாரணமாகச் சொல்வாள். "உஷ்" என்றால், "சொன்னா இன்னா கொறஞ்சிடும்?" என்பாள்.

நடக்கச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். தினமும் வெயில் இறங்கியதும் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து திரும்புவாள். பாதி வழியில் எங்கள் கடை. உள்ளே வந்து முக்காலியில் உட்கார்வாள். உட்கார்வது என்றால் ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு கையால் கண்ணாடி மேஜையைப் பிடித்து, பின்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது. காலில் அவள் நைனாவின் ரப்பர் செருப்பு. அவளுடைய செருப்பு எதுவும் நுழையவில்லை. உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள்.

"நெஞ்செல்லாம் எரியுது அத்த. இட்லி தின்னா எரியுது, தண்ணி குடிச்சா எரியுது, சும்மா இருந்தா எரியுது."

"மோர் குடி."

"மோர் குடிச்சா ஒண்ணுக்கு வருது. குடிக்காட்டி எரியுது. இதுல எது வேணும்னு நீயே சொல்லு."

படுத்தால் புரள முடியவில்லை, புரள வேண்டுமென்றால் எழுந்து உட்கார்ந்து அந்தப் பக்கம் திரும்பித்தான் படுக்க வேண்டும் என்பாள். விடியற்காலையில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்து, நைனாவைக் கூப்பிட்டுப் பாதத்தை மடக்கச் சொன்னதாகச் சொல்வாள். வயிற்றுத் தோல் அரிக்கிறது, விலாவில் ஒரு காலை வைத்து உதைத்துக்கொண்டே இருக்கிறது என்பாள். எல்லாவற்றையும் வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே சொல்வாள். ஒரு நாள் சொன்னாள்:

"தும்முனா ஒண்ணுக்கு வந்துடுது அத்த. சிரிச்சாலும் வந்துடுது. அதான் உன் கடைக்கு வந்து ஒக்காந்துக்கறேன். நீ சிரிக்க வைக்கவே மாட்ட."

பக்கத்துக் கடை செல்போன் ரிப்பேர் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதை நடத்துகிறவர் முப்பது வயதுத் தம்பி, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவள் பேச்சு ஆரம்பித்ததும் அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். அவள் அதற்கு மேல் குரலைக் கூட்டுவாள். நான் நடுவில் உட்கார்ந்து பொட்டு அட்டையை எண்ணிக்கொண்டிருப்பேன்.

"நீ எப்பிடி அத்த இருந்த, உம் பசங்க வயித்துல இருக்கச் சொல்ல?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்தேன்."

"பொய்."

பொய்தான். என் இரண்டாவது பிள்ளைக்கு எட்டாம் மாதத்திலிருந்து எனக்கு மூலம். உட்கார முடியாது. இரண்டு மாதம் நின்றுகொண்டே வியாபாரம் செய்தேன். "இந்த வயித்தோட நின்னுக்கினே வேலை செய்யறா பாரு, எம்மாம் சுறுசுறுப்பு" என்று தெருவே பாராட்டியது. என் வீட்டுக்காரருக்கு இன்று வரை காரணம் தெரியாது. அதை அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றிருந்தது. சொல்லவில்லை.

ஒரு அமாவாசைக்கு மாமியார் கூப்பிட்டாரென்று மேல்மலையனூர் போய்விட்டு மதிய பஸ்ஸில் திரும்பினாள். அமாவாசைக்கு அந்த அம்மன் கோயிலில் ஊரே திரளும், அன்றைக்கு பஸ் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். யாரும் இடம் கொடுக்கவில்லை. எட்டு மாத வயிற்றோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மூன்று பேர் உட்காரும் சீட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, "அண்ணே, எனக்கு அடக்க முடியாது. நின்னா தாங்காது, ஒக்காந்தா கொஞ்சம் தாங்கும். அப்புறம் உங்க இஷ்டம்" என்றாளாம். மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். இதை அவளே என் கடையில் சொன்னாள். வளையல் வாங்க வந்த ஒரு டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கதையை அவள் அம்மா வந்து சொன்னாள், சிரிக்காமல்.

"மானமே போச்சு அண்ணி. செவ்வாக்கெழம மாசமானவங்க எல்லாம் வரிசையில நிக்கறாங்க. இவளும் நின்னா. திடீர்னு 'எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு'ன்னு வராண்டாவுல பொடவைய விரிச்சு ஒருக்களிச்சுப் படுத்துட்டா. இன்னா மே இது எழுந்திருன்னு நான் கத்தறேன். அதுக்குள்ள பின்னாடி நின்னவ ஒருத்தி படுக்கறா. அப்புறம் இன்னொருத்தி. ஏழு பேரு அண்ணி, வராண்டா பூரா! நர்ஸம்மா வந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல. பாய் எடுத்தாந்து போடச் சொல்லிட்டாங்க. இருந்தாலும் நாலு பேரு இன்னா நெனப்பாங்க? கொஞ்சம் பொறுத்துக்கினாத்தான் இன்னா? நான் மூணு பெத்தவ. ஒரு வார்த்த சொல்லியிருப்பனா?"

நான் "அதானே" என்றேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

ஒன்பதாம் மாதம் பிறந்த பிறகு அவள் பேச்சு கைக்கு வந்தது.

"கை மரத்துப் போயிடுது அத்த. காலைல எழுந்தா வெரலே இல்லாத மாதிரி இருக்குது. சீப்பு பிடிக்க முடியல. இட்லியப் பிட்டா நழுவுது."

கையைப் பிடித்துப் பார்த்தேன். வளைகாப்பன்று பார்த்த கை இல்லை அது. விரல் மூட்டு தெரியவில்லை. வளையல் மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றுவிட்டது. ஒவ்வொரு வளையலுக்கும் நடுவில் சதை பிதுங்கியிருந்தது, கரும்புக் கணு மாதிரி. வளையல்களுக்குள் சத்தமே இல்லை. கண்ணாடி வளையல் போட்ட கை ஆடினால் சத்தம் வர வேண்டும்.

"கழட்டி வுட்ரு அத்த."

தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். சோப்பு போட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி அதன் மேல் வழுக்கி இழுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட கட்டைவிரல் மூட்டைத் தாண்டவில்லை. அவள் வலியில் என் தோளைப் பிடித்து நகத்தால் அழுத்தினாள். ஏற்றும்போது எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றும் இறக்கும்போது உதவவில்லை. உடைத்தால்தான் உண்டு.

வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்றக்கூடாது. பிரசவத்துக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள், அது வேறு. அதற்கு முன்னால் பிள்ளைத்தாச்சியின் வளையலை ஒருத்தி வேண்டுமென்றே உடைத்தாள் என்றால், புருஷனுக்கு ஆகாது, பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், நம்பவில்லை என்று சொல்லத் தைரியமில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. உடைத்த கை என்று பேர் வந்துவிட்டால் இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்த வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். கடையில் வருவது பாதி, வளைகாப்பில் வருவது பாதி.

"இன்னும் ரெண்டு வாரந்தானே கண்ணு. ஆஸ்பத்திரில அவங்களே எடுத்துடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீயுமா அத்த?" என்றாள். எழுந்து போய்விட்டாள். எழுந்திருப்பதற்கு மேஜையைப் பிடிக்க வேண்டும். அன்று விரல் பிடிக்காமல், முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

ஒரு அளவு கூட்டிப் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. அந்த மாமியாரிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் மேலும் கோபம். கொஞ்சம் கத்தாமல் இருந்தால் மற்ற பெண்கள் மாதிரி நாள் ஓடிவிடாதா என்று. என் மேலும் கோபம். எதையும் யாரிடமும் சொல்லாமல் ரெண்டு ஆறு பெட்டியை எடுத்து எடுத்துத் துடைத்து வைத்தேன்.

இடையில் ஒரு நாள் வந்தாள். அன்று சொன்ன பட்டியலில் தலைவலியும் இருந்தது. வெயில் என்றேன். அவள் அம்மாவும் வெயில் என்றுதான் சொன்னாளாம். செஞ்சியில் அந்த மாதம் கோட்டைப் பாறையெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது, யாருக்குத்தான் தலை வலிக்கவில்லை? தினமும் பத்து வலி சொல்கிறவள் பதினொன்றாவது வலி சொன்னால் காது தனியாக எடுத்து வைத்துக்கொள்வதில்லை.

அடுத்த அமாவாசை வந்தது. அன்று காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ். மேல்மலையனூர் போகிறவர்கள் அம்மனுக்குச் சாத்த வளையல் வாங்குவார்கள். கடையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். பன்னிரண்டு மணி இருக்கும். அந்த நேரத்தில் அவள் நடந்து வந்தாள், குடை இல்லாமல், நைனா செருப்போடு. கண் சின்னதாகி, கன்னம் உப்பி, யாரோ மாதிரி இருந்தாள்.

முக்காலியில் உட்காரவில்லை. இரண்டு கையையும் மேஜை மேல் வைத்தாள். விரல் நுனி கருநீலமாக இருந்தது.

"சுண்டு வெரல் இருக்குதா இல்லையானே தெரியல அத்த. ஒடச்சிடு."

"உங்கம்மா எங்க?"

"ரேஷனுக்குப் போயிருக்குது."

"அம்மா வரட்டும் கண்ணு. ஒரு வார்த்த கேட்டுட்டு..."

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கடை வாசலில் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"எங்கையில ரத்தம் ஓடல. வளையல் இறுக்குது. இந்த அத்த போட்டதுதான், எடுக்க மாட்டேங்குது. யார்கிட்டயாவது கட்டிங் பிளேயர் இருக்குதா?"

அம்மனுக்கென்று வாங்கிய வளையலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள், "ஐயய்யோ, அமாவாசையும் அதுவுமா இன்னா பேச்சு பேசுது பாரு" என்றாள். பலகைக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. செல்போன் கடைத் தம்பி வெளியே வந்தார். கையில் கம்பி நறுக்கும் சின்னக் கட்டர். இன்னொரு கையில் செல்போன் மூடியை நெம்பித் திறக்க வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. இரண்டையும் என் மேஜை மேல் வைத்தார்.

"இத அடியில கொடுத்தீங்கன்னா தோல்ல படாதுக்கா" என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பாட்டு வச்சிக்கினு எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தியா அண்ணே?" என்றாள் அவள்.

"கேட்டுக்கினுதாம்மா இருந்தேன்."

கட்டரை எடுத்தேன். அவர் பட்டையை வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்தார். இடம் இல்லை. எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். நான் மேலே ஈரத்துணியைப் போட்டு அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். வாசலில் நின்றவர்களில் மூன்று பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். தாவணி போட்ட மகளோடு வந்திருந்த ஒருத்தி, மகளின் கண்ணைக் கையால் மூடி இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னொண்ணு" என்றாள் அவள்.

உடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் "இன்னொண்ணு" என்றாள். ஏழாவதில் ஒரு சில்லு கீறி ரத்தம் வந்தது. "பரவால்ல, வலிக்குது, நிறுத்தாத" என்றாள். வேறு யாராக இருந்தாலும் வலிக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள். வலது கை முடிந்து இடது கை. பத்தாவது உடைந்தபோது கடையில் ஒரு வாடிக்கையாளரும் இல்லை. மேஜை மேல் ஈரத்துணிக்குள் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. அவள் கையில் வரி வரியாகப் பள்ளம். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"உசுரு வருது" என்றாள். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலதான் தாங்கல. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது."

அதை அவள் எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் இந்தத் தடவை நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பியிடம் ஆட்டோ கூப்பிடச் சொன்னேன். கடையை அவர் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் என் மடியில் கையை வைத்துக்கொண்டு, ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

நர்ஸம்மா பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கும்போதே இன்னொருவரைக் கூப்பிட்டார்.

"எப்பத்துலேந்து தலவலி?"

"நாலு நாளா. எல்லார்கிட்டயும் சொன்னேன்."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரம் நின்றேன். ஊசி போட்டார்கள். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, உடம்பு வீங்கினதும் தலைவலியும் அதனால்தான், இன்னும் ஒரு நாள் வீட்டில் கிடந்திருந்தால் வலிப்பு வந்திருக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர் அம்மா. விழுப்புரத்துக்கு அனுப்ப வண்டி சொல்லிவிட்டார்கள்.

வண்டி வருவதற்குள் அவள் அம்மா ரேஷன் பையோடு ஓடி வந்தாள். முதலில் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். மொட்டைக் கை. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நீயா? உன்ன நம்பித்தானே கூப்பிட்டேன். அவ மாமியாருக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? உன் கை வெளங்குமா?"

நான் அவள் பையைக் கட்டில் ஓரம் வைத்தேன். கட்டிலில் இடது பக்கமாகப் படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"நான்தாம்மா ஒடைக்கச் சொன்னேன். வலிச்சுது. ஏன், வலிக்கக் கூடாதா எனக்கு?"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி வந்தது. ஏற்றினார்கள். ஏறும்போதும் அவள், "மெதுவா, மெதுவா, இடுப்பு போவுது, யோவ் மெதுவா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு மாமியார் வீட்டுக்கு நேராகப் போய்விட்டாள். அவள் அம்மா எங்கள் கடை வழியாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறாள்.

மறுநாள் காலையில் விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை எடுத்ததாகவும், இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டதாகவும் செல்போன் கடைத் தம்பி வந்து சொன்னார். மதியம் பக்கத்து ஊர் சிங்கவரத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். அடுத்த வாரம் அவர் வீட்டு வளைகாப்புக்கு என்னிடம் சொல்லியிருந்தார்கள். வேற ஆளைப் பாத்துட்டோம் என்றார். நீதான் ஒடச்சியாமே என்று கேட்டார். ஆமாம், கை வீங்கிடுச்சு, நான்தான் உடைச்சேன் என்றேன். அவர் போன பிறகு, அவர்களுக்கென்று கட்டி வைத்திருந்த வளையலைப் பிரித்து அலமாரியில் அடுக்கினேன்.